தம்போவுக்கு இங்கிலீஷில் என்ன?

"மேம், ஐ ஆம் அஷேம்ட் டு ஆஸ்க், பட் மே ஐ நோ யுவர் டேட் ஆஃப் பர்த்?"

இரவு இரண்டு மணி. மணிலாவின் ஓர்த்திகாஸ் பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினேழாவது மாடி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பெண் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். மறுமுனையில் அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு பாட்டி. இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் உண்மையான கவலையோடு கேட்டார், அந்தப் பெண் என்ன தப்பு செய்துவிட்டாள் என்று.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "கேக்கவே வெக்கமா இருக்கு, ஒரு ஐந்நூறு ரூபா இருக்குமா?" என்று கைமாற்று கேட்கிற ஊரில் வளர்ந்தவன் நான். அந்த வெட்கத்தில் குற்றம் எதுவும் இல்லை. உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் அதன் பொருள். அதை ஆங்கிலத்தில் அஷேம்ட் என்று போட்டால், கேட்கிறவர் காதில் நாம் எதையோ திருடிவிட்டு நிற்கிறவர் ஆகிவிடுகிறோம்.

இது நடந்தது 2012-ல். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் எனக்கு அது ஏழாவது வருடம். நாங்கள் பார்த்துவந்த வாய்ஸ் ப்ராசஸ், அதாவது போனில் பேசும் வேலை, மொத்தமும் மணிலாவுக்குப் போகிறது, போய் எட்டு மாதம் இருந்து கே.டி. கொடுத்துவிட்டு வா என்றார்கள். நம் வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறவருக்கு நாமே வேலை கற்றுத்தரும் சடங்குக்கு அந்தத் துறையில் கே.டி. என்று பெயர். கேடி என்று சேர்த்துப் படித்தாலும் தவறில்லை. அந்த வருடங்களில் இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. குரல்வழி அழைப்பு வேலையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது என்று 2010 வாக்கிலேயே செய்தி வரத் தொடங்கியிருந்தது.

போகும்போது நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போவதாக நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு போயிற்று. அவர்கள் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. 1901 ஆகஸ்டில் தாமஸ் என்ற கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கியதிலிருந்து அங்கே பள்ளிக்கூடத்தின் மொழி ஆங்கிலம். 1987 அரசியல் சட்டத்திலும் பிலிப்பினோவும் ஆங்கிலமும்தான் ஆட்சிமொழிகள். என் வகுப்பில் இருந்த பையன் ஒருவன், நான் சொன்ன 'டிஸ்கஸ் அபௌட்'டை மிகவும் மரியாதையாக, "சார், மே பி ஜஸ்ட் டிஸ்கஸ்?" என்று திருத்தினான்.

இலக்கணத்தில் குறையில்லை, உச்சரிப்பிலும் பெரிய சிக்கல் இல்லை. பழைய ஆட்களுக்கு ஃப வராமல் ஃபீலிங் பீலிங் ஆகும். எனக்கும் அழுத்திச் சொல்லாவிட்டால் அப்படித்தான். ஆனால் உணர்ச்சி என்று வந்துவிட்டால் மொழி சட்டென்று மரத்துப்போகும். பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் பயன்பட்ட மொழி அது. அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பதற்கு அவர்கள் ஆங்கிலத்தைப் பயன்படுத்தியதே இல்லை. நானும்தான்.

இதற்காகவே நிறுவனம் ஒரு சுவரொட்டி கொடுத்திருந்தது. உணர்ச்சி ஏணி. கோபத்துக்குக் கீழ்ப்படியில் அனாய்ட், அதற்கு மேல் இரிட்டேட்டட், ஃபிரஸ்ட்ரேட்டட், ஆங்க்ரி, உச்சியில் ஃப்யூரியஸ். துக்கத்துக்கு இன்னொரு ஏணி, அதன் உச்சியில் டெவஸ்டேட்டட். வாடிக்கையாளர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடித்து அந்தச் சொல்லை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். எம்பதி ஸ்டேட்மென்ட் என்று பெயர். மதிப்பெண் தாளில் அதற்குத் தனிக் கட்டம். முதல் மாதம் எல்லாரும் ஏணியை மனப்பாடம் செய்தார்கள். விளைவு, கடவுச்சொல் மறந்தவர், கணவர் இறந்து கணக்கை மூட வந்தவர், சும்மா பேச்சுத்துணைக்குக் கூப்பிட்டவர் எல்லாரிடமும் ஒரே பல்லவி: உங்கள் ஃபிரஸ்ட்ரேஷன் எனக்குப் புரிகிறது. ஏணியில் நடுப்படி பத்திரமானது இல்லையா.

ஒரு நாள் அலுத்துப்போய், ஏணியைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மொழியில், அதாவது தகாலோகில், கோபத்துக்கு என்னென்ன சொல் இருக்கிறது, பலகையில் எழுதுங்கள் என்றேன். எழுந்து வரத் தயங்குவார்கள் என்று நினைத்தேன். மார்க்கர் போதவில்லை. கலித் என்றால் நேரான கோபம். இனிஸ் எரிச்சல். யமோத் சலிப்பு கலந்த எரிச்சல். புவிசித் என்றால் எரிச்சலோடு ஒரு வசையும் சேர்ந்தது. பிகோன் என்றால் கேலி செய்தால் தாங்காதவன். "பிகோன் ஆனவன் தோற்றான்" என்று அவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. ஹைப்ளட் என்று ஒருத்தி எழுதினாள். ரத்த அழுத்தம் இல்லை, கோபம். எங்கள் ஊரில் டென்ஷன் என்றால் கோபம் என்று சொன்னேன், சிரித்தார்கள். அவர்கள் ஊரில் ஃபீலிங் என்றால் இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்ளும் அலட்டல். யாரோ ஒருவர் நெருங்கிய நண்பர்போல வந்து தோளில் கைபோட்டால் அவர் 'ஃபீலிங் க்ளோஸ்'. நம் ஊரில் ஃபீலிங் என்றால் சோகம், அதிலும் காதல் தோல்வி. "ரொம்ப ஃபீல் பண்றான்" என்று நான் சொன்னதை அவர்கள் மொழியில் கேட்டால் "ரொம்ப அலட்டிக்கிறான்" என்றுதான் காதில் விழுமாம். வெள்ளைக்காரன் கொடுத்த ஒரே சொல், இரண்டு வீட்டில் இரண்டு வேலை பார்க்கிறது.

பலகையில் இருந்ததில் எனக்கு முதலில் பிடிபட்டது சொற்கள் இல்லை, சொற்களின் தலையில் ஒட்டியிருந்த துண்டுகள். தகோத் என்றால் பயம். நதாதகோத் என்றால் பயந்துகொண்டிருக்கிற நிலை. நகாகதகோத் என்றால் பயமூட்டுவது. மதாதகூதின் என்றால் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வேர் ஒன்றுதான், முன்னால் வருவது மாற மாற, பயம் யாருக்குள் இருக்கிறது, எதிலிருந்து வருகிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதெல்லாம் மாறுகிறது. இனிஸுக்கும் அப்படியே, வெட்கம் என்று பொருள்படும் ஹியாவுக்கும் அப்படியே.

அதுவரை என்னை வாட்டிய பிழை ஒன்று உண்டு. "ஐ ஆம் வெரி போரிங் டுடே, சார்." போர் அடிக்கிறது என்று சொல்ல வந்து, நான் ஓர் அறுவை என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியம். போர்ட், போரிங், எக்ஸைட்டட், எக்ஸைட்டிங், கன்ஃப்யூஸ்ட், கன்ஃப்யூஸிங். இந்த வேறுபாடு அவர்கள் மனதிலேயே இல்லை என்று நினைத்திருந்தேன். பலகையைப் பார்த்த பிறகு வெட்கமாகிவிட்டது. வேறுபாடு அவர்களிடம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது சொல்லின் வாசலிலேயே நிற்கிறது, ஆங்கிலத்துக்குக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதுவும் பேச்சில் பாதி விழுங்கப்படும் ஒரு 'ட்'. கொல்லையில் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். நகாக என்று தொடங்கினால் -இங், வெறும் ந வந்து சொல்லின் முதலசை இரட்டித்தால் -எட் என்று பலகையில் கோடு போட்டு இணைத்தேன். இரண்டு வருடம் இலக்கணப் புத்தகம் செய்யாததை அந்தக் கோடு இருபது நிமிடத்தில் செய்தது.

தமிழன் இதில் இன்னும் மோசம். "பயமா இருக்கு" என்கிறோம். பேய் வீட்டைப் பற்றியும் சொல்கிறோம், நம்மைப் பற்றியும் சொல்கிறோம். யாருக்கு, எதனால் என்பதெல்லாம் கேட்கிறவர் பாடு. சொன்னால் 'எனக்கு' என்று ஒரு சொல் சேரும். அதிலும் நாம் எழுவாய் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பசிக்கிறது, எனக்கு ஆசையாக இருக்கிறது. எங்கிருந்தோ கிளம்பி வந்து வாசலில் நிற்கிற விருந்தாளிபோலத்தான் உணர்ச்சி நம்மிடம் வருகிறது. தகாலோகில் அந்த 'எனக்கு'கூடப் பல நேரம் வேண்டாம். ஜீப்னி என்கிற ஷேர் வண்டி கிடைக்காமல் அரைமணி நேரம் நின்றவர் "நகாகைனிஸ்!" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எரிச்சலூட்டுகிறது. எது, யாரை? அது உலகத்தைப் பற்றிய ஒரு தகவல், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். 'ஐ ஆம்' என்று முன்னால் வந்து நின்று, அந்த உணர்ச்சி தானேதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஐ ஆம் ஆங்க்ரி. நான்தான் கோபம். என் வகுப்புப் பிள்ளைகளின் தயக்கத்தில் பாதி இங்கேதான் இருந்தது. அவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. இத்தனை முறை 'நான்' சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

கூச்சம் என்றதும் மறுபடி ஹியாவுக்கு வருகிறேன். முதலில் சொன்ன பெண் சொல்ல வந்தது நஹிஹியா ஆகோ என்பதை. இந்த ஒரு ஹியாவை ஆங்கிலத்தில் மூன்று டப்பாவில் போட வேண்டும். புது ஆட்களைப் பார்த்து ஒதுங்குவது ஷை. நாலு பேர் முன்னால் கால் தடுக்கி விழுந்தால் எம்பாரஸ்ட். தப்பு செய்துவிட்டுக் குறுகுவது அஷேம்ட். முதலாவதில் குற்றம் இல்லை, இரண்டாவதில் சாட்சிகள் இருக்கிறார்கள், மூன்றாவதில் மனசாட்சி இருக்கிறது. நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் கேட்டான், "சார், அடுத்தவரைத் தொந்தரவு செய்ய மனம் வராதது எதில் வரும்?" எதிலும் வராது. 'ஐ ஹேட் டு பாதர் யூ' என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஹேட்டா, வெறுப்பா என்று அதிர்ந்துபோனார்கள்.

அந்த வகுப்பில்தான் அவர்கள் சொல்லித் தெரிந்தது. தொட்டாற்சிணுங்கிச் செடிக்கு தகாலோகில் மகாஹியா என்று பெயர். ஹியா உள்ள செடி, வெட்கப்படுகிற செடி. அதே செடியைத் தமிழன் பார்த்தான், சிணுங்குகிறது என்றான். ஆங்கிலேயன் பார்த்தான், சென்ஸிட்டிவ் பிளான்ட் என்று பெயர் வைத்து நோட்டில் எழுதிக்கொண்டான். இலை மடிந்தது மூவருக்கும் ஒரே மாதிரிதான்.

சரி, தம்போவுக்கு வருவோம்.

பலகையில் கோபப் பட்டியலின் கடைசியில் யாரோ எழுதியிருந்த சொல் அது. எழுதிய உடனே பக்கத்தில் ஒரு சண்டை. இது கோபமே இல்லை, அழித்துவிடு என்று பாதிப் பேர். கோபம் இல்லாமல் வேறென்ன என்று மீதிப் பேர். என்னிடம் விளக்கினார்கள். வெளியூர் போன அப்பா வரும்போது பசாலுபோங், அதாவது தின்பண்டமோ பொம்மையோ, வாங்கி வருவார் என்று குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பா வெறுங்கையோடு வருகிறார். குழந்தை கத்தவில்லை, அழவில்லை. பேசாமல் போய் மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்கிறது. அதுதான் தம்போ. குழந்தைக்கு மட்டுமில்லை, மனைவிக்கு வரும், கணவனுக்கு வரும், நண்பனுக்கு வரும், பாட்டிக்குக் கட்டாயம் வரும்.

அட, இது நமக்குத் தெரிந்ததுதானே. கோபப்படுவது வேறு, கோவிச்சுக்கிறது வேறு. பஸ் கண்டக்டரிடம் கோபப்படலாம். அவரிடம் கோவிச்சுக்க முடியாது. கோவிச்சுக்க உறவு வேண்டும். எதிராளி கவனிப்பார், வந்து சமாதானம் செய்வார் என்ற நம்பிக்கை வேண்டும். காதலருக்குள் என்றால் அதை ஊடல் என்று அழகுபடுத்தி வைத்திருக்கிறோம். கல்யாண வீட்டில் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா காட்டினால் முறுக்கு. தகாலோகில் மறுபாதிக்கும் பெயர் இருக்கிறது. தம்போவில் இருப்பவரைக் கெஞ்சி, கொஞ்சி, வழிக்குக் கொண்டுவருவது சுயோ. தம்போ என்று ஒன்று இருந்தால் சுயோ வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அது முற்றி சமா நங் லோஒப் ஆகும், நம் மனத்தாங்கல் மாதிரி. அது வருடக்கணக்கில் இருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு என்ன சொல்வது? சல்க் என்று அகராதி சொல்கிறது. சல்க் என்பது வேண்டாதவர் வைத்த பெயர். "உம்மென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்" என்று வெளியிலிருந்து பார்க்கிறவர் எரிச்சலோடு சொல்வது. தன்னைப் பற்றி யாரும் ஐ ஆம் சல்கிங் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஹர்ட் என்றால் கனம் கூடிவிடுகிறது. அப்செட் என்றால் என்ன வேண்டுமானாலும் அர்த்தம். இவை எல்லாவற்றிலும் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். அப்செட் ஆனவர் தனியாகவே அப்செட் ஆகி, தனியாகவே சரியாகிவிடலாம். தம்போ தனியாக முடியாது. அந்தச் சொல்லுக்குள்ளேயே இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். நிறுவனத்தின் ஏணியில் கோபத்துக்கு எத்தனை படி இருந்தாலும் ஒரு படியில்கூட இரண்டு பேர் நிற்க இடமில்லை. ஒருவருக்குள் எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் அது அளக்கும், தெர்மாமீட்டர் மாதிரி. யாரோடு, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அளக்காது.

லோஒப் என்ற சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லோஒப் என்றால் உள். வீட்டுக்குள், பைக்குள் என்கிற அதே சாதாரண உள். அதே சொல்தான் மனதுக்கும். லகாஸ் நங் லோஒப் என்றால் உள்ளின் பலம், துணிச்சல். உதாங் நா லோஒப் என்றால் உள்ளின் கடன். இதைக் கேட்டதும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். நம் உள்ளம் எங்கிருந்து வந்தது? உள்ளிலிருந்து. அகம் என்றால் உள்ளே, அகம் என்றால் மனமும். உதாங் நா லோஒபை ஆங்கிலத்தில் கிராட்டிட்யூட் என்று எழுதுவார்கள். கிராட்டிட்யூட் ஓர் உணர்ச்சி, தேங்க் யூ சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தமிழில் நன்றிக்கடன் என்று சொன்னேன், கடன் என்றால் உதாங் என்று விளக்கினேன். அதை மொழிபெயர்க்கவே வேண்டாம், அப்படியே எங்களுடையது என்றார்கள்.

இரண்டு மொழிக்கும் உறவில்லை. தகாலோக் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், மலாய்க்கு உறவு. ஆனால் பழைய கடல் வணிகத்தோடு போன சமஸ்கிருதச் சொற்கள் சில அங்கே நம்மிடமும் இருக்கிற உருவத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. முகத்துக்கு அவர்கள் முக்ஹா என்கிறார்கள். ஆசை அங்கே போய் பக்ஆசா ஆகி நம்பிக்கை என்ற பொருளில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை கொடுக்கும் வானிலைத் துறையின் பெயர்ச் சுருக்கமும் பகாசாதான். அவர்கள் ஊர்ப் புயல்களுக்கு அது நல்ல பெயர்தான். துக்கம் அங்கே டுக்ஹா. ஆனால் பொருள் துயரம் இல்லை, ஏழை. துக்கம் என்ற சொல் அங்கே போய் இறங்கியபோது யார் வீட்டு வாசலில் இறங்கியது என்று இதிலிருந்து தெரிகிறது.

அந்த ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. ஹபகாத் என்பது அவர்களுடைய தென்மேற்குப் பருவக்காற்று. 2012 ஆகஸ்ட் 6-லிருந்து மூன்று நாள் மணிலாவில் பெய்தது மழை இல்லை, வானம் உடைந்துகொண்டது. மரிக்கினா ஆற்றங்கரையில் வீடு இருந்த பையன் ஒருவன் என் குழுவில் இருந்தான். 2009 ஒந்தோய் புயலில் ஒரு தடவை எல்லாம் போய், மறுபடி வாங்கிப் போட்டிருந்த வீடு. கீழ்த்தளம் மூழ்கி அம்மாவும் தங்கையும் மாடியில் இருந்தார்கள். அவன் எப்படியோ அலுவலகம் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் இரண்டு இரவு அங்கேயே படுத்து, எழுந்து, அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஓர் அழைப்பு என் தணிக்கைக்கு வந்தது. தாமதக் கட்டணம் பதினான்கு டாலர் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் கத்துகிறார். இவன் முழுக்கக் கேட்டுவிட்டு, மிகவும் அமைதியாக, "ஐ அண்டர்ஸ்டாண்ட் ஹௌ டெவஸ்டேட்டிங் திஸ் மஸ்ட் பீ ஃபார் யூ, சார்" என்றான்.

மதிப்பெண் விதிப்படி இது தப்பு. பதினான்கு டாலருக்கு ஏணியின் உச்சிப்படி. கிண்டல் செய்கிறானோ என்றுகூட வாடிக்கையாளர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை, கொஞ்சம் அடங்கித்தான் போனார். மறுநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். ஏன் அந்தச் சொல்?

"தெரியவில்லை சார். அன்றைக்கு வாயில் அதுதான் இருந்தது" என்றான். முழு மதிப்பெண் போட்டேன். என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் என்ன இருந்தது என்பது இங்கே தேவையில்லை.

மகிழ்ச்சிப் பக்கம் நாங்கள் அவ்வளவு நேரம் செலவிடவில்லை. மகிழ்ச்சியோடு கால் சென்டருக்கு யார் கூப்பிடுகிறார்கள்? இருந்தாலும் இரண்டு சொற்கள் அங்கே காற்றிலேயே இருக்கும். கிலிக் என்றால் பிடித்தவர் நம்மைப் பார்த்துச் சிரித்தால் உடம்பில் ஓடுகிற சிலிர்ப்பு. காதலிப்பவருக்கு மட்டுமில்லை, தொலைக்காட்சித் தொடரில் இரண்டு பேர் கைகோத்தால் பார்த்துக்கொண்டிருக்கிற பெரியம்மாவுக்கும் கிலிக் வரும். குளிரில் ஒன்றுக்குப் போய்விட்டு உடம்பு ஒரு உதறு உதறுமே, அதற்கும் இதே சொல்தான் என்று சொல்லி என் காதல் கற்பனையைக் கலைத்துவிட்டார்கள். இன்னொன்று கிகில். கொழுகொழு கன்னத்தைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளத் தோன்றுகிற அந்த வேகம். நம் வீட்டில் அத்தைகள் "அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு" என்பார்களே, அதை ஒரே சொல்லில் அடக்கியது. கிலிக்கை 2016-லும், கிகிலை 2025-லும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆங்கிலச் சொற்களாகவே சேர்த்துக்கொண்டது. உதாங் நா லோஒபும் கோபக்கார ஹைப்ளட்டும் 2015-லேயே உள்ளே போய்விட்டன. கிகில் செய்தி வந்த அன்று என் பழைய குழுவின் வாட்ஸப்பில் ஒருத்தி எழுதினாள்: "சார், இனிமேல் நீங்கள் எங்களுக்குத் தேர்வு வைத்தால் இதற்கும் மதிப்பெண் தர வேண்டும்." தம்போ இன்னும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. போகவில்லை என்று தம்போ கோவிச்சுக்கொண்டிருக்கும்.

2013 ஜனவரியில் என் வேலை முடிந்தது. ப்ராசஸ் முழுக்க அவர்கள் கைக்கு வந்துவிட்டது. சென்னையில் என் குழுவில் இருந்தவர்கள் சிலர் வேறு குழுக்களுக்கும் சிலர் வீட்டுக்கும் போய்விட்டிருந்தார்கள். எனக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன்கூட இல்லை.

கடைசி நாள் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு டெஸ்பெடிடா வைத்தார்கள். ஸ்பானிஷ்காரன் விட்டுப்போன சொல், வழியனுப்பு விருந்து. பன்சித் நூடுல்ஸ், வாடகைக்கு எடுத்த ஒரு வீடியோகே பெட்டி, கீழே தெருவில் தோளில் இரண்டு தகர வாளிகளோடு கூவிக்கொண்டு போனவரிடம் வாங்கிய தாஹோ. சூடான மெத்தென்ற டோஃபு, வெல்லப்பாகு மாதிரி ஒன்று, மேலே ஜவ்வரிசி. பாயசத்தை வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்னைப் பாடச் சொன்னார்கள், மறுத்தேன். ஹியாவா என்று கேட்டார்கள். ஆமாம், ஷை டப்பா என்றேன்.

கொஞ்சம் கூட்டம் கலைந்ததும், அந்த முதல் அழைப்புப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதற்குள் அவள் குழுத் தலைவி ஆகியிருந்தாள்.

"சார், ஆர் யூ ஆங்க்ரி வித் அஸ்? உங்கள் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று."

இல்லை என்றேன். உண்மை. ஆங்க்ரி இல்லை, அனாய்ட் இல்லை, ஃபிரஸ்ட்ரேட்டட் கொஞ்சம்கூட இல்லை. ஏணியில் எந்தப் படியிலும் நான் நிற்கவில்லை.

"அப்செட்?"

அதுவும் இல்லை. ஆனால் ஏதோ இருக்கிறது என்றேன். ஏழு வருடம் இருந்தேன், தீபாவளிக்குக்கூட லீவு போடாமல் வந்திருக்கிறேன், போய் வா என்று சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார் என்றேன். எனக்கே தெரியாமல் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும்.

அவள் தாஹோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஐயோ சார், உங்களுக்குக் கம்பெனியோடு தம்போ. கம்பெனியோடெல்லாம் தம்போ வைத்துக்கொள்ளக் கூடாது. அது சுயோ செய்ய வராது."

அதற்குள் யாரோ மைக்கை என் கையில் திணித்துவிட்டார்கள்.